சுழி உதிராத தாள்

மார்கழி பிறந்தால் கோயில் வாசல் கடைகளில் கோலக் குழல் வந்து இறங்கிவிடும். உடம்பெல்லாம் பொடித் துளைகள் போட்ட சின்ன உருளை. உள்ளே கோலமாவை நிரப்பித் தரையில் உருட்டினால், பின்னாலேயே கொடியும் பூவுமாக ஒரு கரை விரிந்துகொண்டு வரும். மறுபடி உருட்டினாலும் அதே பூ, அதே கொடி. நூறு வாசலுக்கு உருட்டினாலும் மாறாது.

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஏறக்குறைய நூறு ஆண்டு உழைத்த சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் அடிப்படையும் இதுவே. மாவுக்குப் பதில் மை. தரைக்குப் பதில் வெள்ளைத் தாள். துளைபோட்ட தகரத்துக்குப் பதில் ஸ்டென்சில். இலங்கையில் இந்த இயந்திரத்தை ரோனியோ என்பார்கள். அரையாண்டுத் தேர்வு வினாத்தாள், சுற்றறிக்கை, சங்கக் கூட்ட அழைப்பு, வாயிற்கூட்டத் துண்டறிக்கை எல்லாம் இதிலிருந்துதான் ஈரமும் மை வாசனையுமாக வெளியே வந்தன.

கைப்பிடியைச் சுழற்றும் காட்சிதான் பலருக்கும் நினைவில் இருக்கும். ஆனால் அந்த இயந்திரத்தின் அறிவு முழுவதும் உருளைமேல் சுற்றிய அந்த மெல்லிய தாளுக்குள் இருந்தது. அந்தத் தாளை வடிவமைத்தவர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் மிகப் பழையது. அதைப் புரிந்துகொள்ள ஒரு தகரத் துண்டும் ஒரு பெயரும் போதும்.

கண்ணனை வெட்டிப் பாருங்கள்

தகரத்தில் 'கண்ணன்' என்று எழுதி, கோடுகளை மட்டும் வெட்டி எடுக்கப் பாருங்கள். 'க'வின் இடப்பக்கச் சுழியை முழுச் சுற்றாக வெட்டி முடித்ததும், சுழிக்குள் இருந்த துண்டு பொத்தென்று கீழே விழும். மூன்று சுழி 'ண'வுக்கும் இரண்டு சுழி 'ன'வுக்கும் இதே கதிதான். சுற்றிலும் வெட்டுப்பட்ட தீவு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? 'ட', 'ப', 'ர' என்று எழுதினால் தொல்லை இல்லை. அவற்றில் மூடிய சுழி கிடையாது.

லாரியிலும் மரப்பெட்டியிலும் சாக்கு மூட்டையிலும் தகரம் வைத்து எழுதிய எழுத்துகளைக் கவனித்தால், கோடுகள் ஆங்காங்கே விட்டுப் போயிருக்கும். அந்த இடைவெளிகள் தீவைக் கரையோடு இணைக்கும் பாலங்கள். மூட்டைமேல் நாலு அங்குல எழுத்துக்குப் பாலம் பொருந்தும். இரண்டு மில்லிமீட்டர் உயரத் தட்டச்சு எழுத்தில், ஒரு பக்கத்துக்கு இரண்டாயிரம் எழுத்துகளில், எங்கே பாலம் போடுவது?

இந்தக் கேள்விக்கு மனிதர்கள் இரண்டு விடைகள் கண்டார்கள். முதல் விடை கோலக் குழலிலேயே இருக்கிறது. அதில் கோடே கிடையாது. வரிசையாகப் புள்ளிகள் மட்டுமே. ஒவ்வொரு இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கும் தகரம் ஒரு பாலம். தூரத்திலிருந்து பார்க்கும் கண் புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கிக்கொள்ளும்.

புள்ளி குத்திய பேனாக்கள்

தாமஸ் எடிசன் 1876-இல் காப்புரிமை பெற்ற மின்பேனா இந்த விடையைத்தான் கையாண்டது. பேனாவின் தலையில் ஒரு குட்டி மின்மோட்டார். முனையில் விர்ரென்று மேலும் கீழும் துடிக்கும் ஊசி. சாதாரணமாக எழுதுவதுபோல் எழுதினால், தாளில் கோட்டுக்குப் பதிலாக நெருக்கமான துளைவரிசை விழும். அந்தத் தாளைச் சட்டத்தில் பொருத்தி மேலே மை உருளையை ஓட்டினால், கீழே வைத்த தாளில் எழுத்து பதியும். மின்மோட்டாரால் இயங்கி விற்பனைக்கு வந்த தொடக்ககாலச் சாதனங்களில் இதுவும் ஒன்று. ஆனால் திரவ மின்கலத்தைப் பராமரிப்பது குமாஸ்தாக்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. அலுவலகத்தில் தோற்ற பேனா வேறு வழியில் பிழைத்தது: 1891-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி காப்புரிமை பெற்ற பச்சை குத்தும் மின்கருவி, எடிசனின் இந்தப் பேனாவைத் தழுவியதுதான்.

நம் ஊர் ஆரி வேலைக் கூடங்களிலும் இதே உத்தி உயிரோடு இருக்கிறது. பட்டர் பேப்பரில் ரவிக்கை டிசைனை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்ப்பார்கள். துணியில் புள்ளிக்கோடாக டிசைன் இறங்கும்.

மின்சாரம் இல்லாமலே புள்ளி குத்த முடியாதா என்று யோசித்தவர் டேவிட் கெஸ்டட்னர். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் குடியேறியவர். 1881-இல் அவர் காப்புரிமை பெற்ற பேனாவின் முனையில் பற்கள் கொண்ட ஒரு சின்னச் சக்கரம் சுழன்றது. மெழுகுத்தாளில் எழுத எழுத, சக்கரத்தின் பற்கள் துளையிட்டுக்கொண்டே போயின. சக்கர எழுத்தாணி என்று பொருள்படும் 'சைக்ளோஸ்டைல்' என்ற பெயர் அந்தப் பேனாவுக்கு வைத்தது. பேனா மறைந்தது, பெயர் இயந்திரத்தின்மேல் ஒட்டிக்கொண்டு தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

எடிசன் இன்னொரு வழியும் கண்டிருந்தார். மெழுகுத்தாளை அரம்போல் சொரசொரப்பான உலோகத் தட்டின்மேல் வைத்து வெறும் எழுத்தாணியால் எழுதினால் போதும். தட்டின் ஆயிரம் நுனிகள் அடியிலிருந்து துளையிடும். சிகாகோவில் மரவியாபாரம் செய்த ஆல்பர்ட் பிளேக் டிக், தன் கடைச் சரக்குப் பட்டியலை நாள்தோறும் கையால் படியெடுத்துச் சலித்து, இதே முறையைத் தானாகவே எட்டினார். பிறகு எடிசனிடம் உரிமம் பெற்று 1887-இல் மிமியோகிராஃப் என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கினார்.

1894-இல் ஜப்பானில் ஹொரீ ஷிஞ்ஜிரோ இம்முறையைத் தங்கள் எழுத்துக்கு ஏற்ப அமைத்தார். ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட மொழிக்குத் தட்டச்சுப்பொறி எளிதில் அமையவில்லை. ஆகவே அங்கே கையால் எழுதும் ஸ்டென்சில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. அரத்தட்டில் எழுத்தாணி உரசும் 'கரி கரி' என்ற ஓசையால் மக்கள் அதைக் கரிபான் என்றார்கள். எழுதும் கருவியின் பெயர் தெப்பிட்சு. இரும்புப் பேனா என்று பொருள். ஓலையில் எழுதிய நம் முன்னோர் அந்தக் கருவியைப் பார்த்த கணமே அடையாளம் கண்டிருப்பார்கள்.

நார் தாங்கும் தீவு

இரண்டாவது விடையின் வேர் ஜப்பானியத் துணிச்சாயக் கலையில் இருக்கிறது. கிமோனோ துணிக்கான இசே கடகாமி அச்சுத்தாள்களில், இழைபோன்ற கோடுகளும் அந்தரத்தில் நிற்கும் தீவுகளும் வரும். அவை உதிராதிருக்க, ஒரேமாதிரி வெட்டிய இரண்டு தாள்களுக்கு நடுவே பட்டுநூலை வலைபோல் விரித்து ஒட்டுவார்கள். நூல் மிக மெல்லிது. சாயம் அதைச் சுற்றி இறங்கிவிடும். தீவை நூல் பிடித்துக்கொள்ளும், நூலின் நிழல் துணியில் விழாது.

இந்த வலை தாளுக்குள்ளேயே அமைந்திருந்தால்? ஸ்டென்சிலின் உயிர் இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. ஜப்பானிய முசுக்கட்டை வகைப் பட்டையிலிருந்து செய்யும் தாளின் நார்கள் சுமார் 10 மில்லிமீட்டர் நீளமானவை. நாம் எழுதும் மரக்கூழ்த் தாளின் நார் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான். நீளமான நார்கள் ஒன்றையொன்று பல இடங்களில் தழுவிக்கொள்வதால், தாளை மிக மிக மெல்லிதாக்கினாலும் பிய்ந்து போகாது. கெஸ்டட்னர் இளமையில் அமெரிக்காவில் ஜப்பானியக் காற்றாடி விற்றார் என்றும், அந்தத் தாளின் உறுதியை அப்போதுதான் கண்டார் என்றும் சொல்வார்கள். பின்னாளில் இதே பணிக்கு, வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா செடியின் நாரும் பயன்பட்டது. பிலிப்பைன்ஸில் கப்பல் கயிறு திரித்த நார் அது. ஸ்டென்சிலின் அடித்தாள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிராம்தான் இருக்கும். எழுதும் தாள் 70, 80 கிராம். தாளென்பதைவிட நார்வலை என்பதே பொருத்தம்.

அந்த வலையின் கண்களையெல்லாம் ஒரு பூச்சு அடைத்திருக்கும். தொடக்கத்தில் மெழுகு, இருபதாம் நூற்றாண்டில் நைட்ரோசெல்லுலோஸ் போன்ற பொருளோடு எண்ணெய் சேர்த்து மிருதுவாக்கிய பூச்சு. தட்டச்சுப்பொறியின் எழுத்து வந்து தட்டும்போது, அந்த இடத்துப் பூச்சு பிதுங்கி இரு பக்கமும் ஒதுங்கும். நார் அறுபடாது. பூச்சு விலகிய இடத்தில் மை இறங்க வழி திறக்கும். சுழிக்கு நடுவே இருக்கும் பூச்சை நார்கள் நாலாபக்கமும் தாங்கிக்கொள்ளும். கண்ணனின் அத்தனை சுழியும் உதிராமல் நிற்கும்.

தட்டச்சர்கள் இந்த வேலையை 'ஸ்டென்சில் வெட்டுவது' என்றே சொன்னார்கள். வெட்டு விழாமல் செய்வதுதான் அதில் திறமை. நார்வரை பாய்ந்த ஒரு தட்டு எழுத்தைக் கெடுத்துவிடும்.

விரல் அறிந்த இயற்பியல்

ஸ்டென்சில் அடிக்க உட்காரும் முன் மூன்று வேலைகள் உண்டு. எழுத்துகளின் பள்ளத்தில் சேர்ந்த பழைய மை அழுக்கைத் தூரிகையால் துடைக்க வேண்டும். ரிப்பன் எழும்பாதபடி விசையை ஸ்டென்சில் நிலைக்கு மாற்ற வேண்டும். துணி குறுக்கே வந்தால் அடி மழுங்கிவிடும். ஸ்டென்சிலையும் தடித்த பின்தாளையும் சேர்த்து நேராகச் செருக வேண்டும். தாளின்மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கோடுகள் எந்த வரியோடு நிறுத்த வேண்டும் என்று காட்டும்.

பிறகு விரலின் வேலை. ஒரே விசையில் அடித்தாலும் எல்லா எழுத்தும் ஒரேமாதிரி பதியாது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. முற்றுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர் என்று கொண்டால் அதன் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர். ஆங்கிலத்தின் பெரிய 'எம்' எழுத்தின் கோடுகள் மொத்தம் 8 மில்லிமீட்டர் நீளம், 0.3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் பரப்பு 2.4. பன்னிரண்டு மடங்கு. அதாவது ஒரே அடியில் புள்ளியின்கீழ் விழும் அழுத்தம் 'எம்'மின்கீழ் விழுவதைப்போல் பன்னிரண்டு மடங்கு. புள்ளியை ஓங்கி அடித்தால் தாளில் ஓட்டை. 'எம்'மை மெல்ல அடித்தால் பாதி எழுத்து. ஆகவே புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் விரல் வருட வேண்டும், அகன்ற எழுத்துக்கு ஊன்ற வேண்டும், வட்ட எழுத்துக்கு நிதானிக்க வேண்டும். நல்ல தட்டச்சர் இதை எண்ணிச் செய்வதில்லை. அவருடைய அடியின் தாளமே எழுத்துக்கு எழுத்து மாறிக்கொண்டு போகும்.

தமிழில் இந்த நுட்பம் இன்னும் கூடுதல். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு புள்ளி. ஒரு வரியில் பத்துக்கு மேல் வந்துவிடும். தட்டச்சுப்பொறியில் புள்ளிக்கென்று, வண்டியை நகர்த்தாத தனி விசை இருந்தது. அதைத் தட்டி, பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தாளைத் துளைக்கக் காத்திருக்கும் ஊசிமுனை. ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடாமல் விட்டது பெருவழக்கு. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எழுத்தாணி பிடித்தவரும் ஸ்டென்சில் அடித்தவரும் ஒரே அச்சத்தோடு வேலை செய்தார்கள். ஓலை எழுதியவர் புள்ளியைக் கைவிட்டார். தட்டச்சர் புள்ளியைக் கைவிடாமல், விரலை அடக்கக் கற்றார்.

பிழை விழுந்தால் திருத்துதிரவம் உண்டு. நகப்பூச்சு போன்ற சிறு புட்டி, கூர்மையான வாசனை. பிழையின்மேல் மெல்லிதாகத் தடவினால், விலகிய இடத்தைப் புதிய பூச்சு மூடும். காயும்வரை பொறுத்திருந்து சரியான எழுத்தை அடிக்க வேண்டும். இதுவும் நார் அறுபடாமல் இருந்ததால் கிடைத்த வசதி. வலை இருந்தால்தானே பூச்சு பற்றும்?

கருப்பை விரும்பாத ஓவியம்

எழுத்தோடு படமும் வேண்டும் என்றால் கையால் வரைய வேண்டும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகைமேல் மாதிரிப் படத்தை வைத்து, அதன்மேல் ஸ்டென்சிலை விரித்து எழுத்தாணியால் தடம் பிடிப்பார்கள். வளைகோட்டுக்குக் கம்பி வளைய முனை, தடித்த கோட்டுக்கு உருண்டை முனை, புள்ளிக்கோட்டுக்குப் பற்சக்கரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாணி.

இந்த ஓவியத்தில் முழுக் கருப்பு ஆகாது. ஓர் அங்குலச் சதுரத்தில் பூச்சை முழுதாக விலக்கிவிட்டால், அந்த இடத்தில் வெறும் நார்வலைதான் மிஞ்சும். மை வெள்ளமாக இறங்கும்; சில நூறு படி ஓடியதும் வலை கிழியும். ஆகவே கூந்தலைக் கோடுகளாகவும் நிழலைப் புள்ளிகளாகவும் பிரித்தார்கள். புடைப்பு வடிவங்கள் கொண்ட தட்டை ஸ்டென்சிலின் அடியில் வைத்து மேலே தேய்த்தால், செங்கல் வரிசை, சாய்கோடு, பொட்டு என்று சீரான நிழல் விழும். தலைப்பு எழுத்துகளை வெளிக்கோடாக வரைந்து உள்ளே கோடிட்டு நிரப்பினார்கள். பழைய சைக்ளோஸ்டைல் படங்களில் தெரியும் காற்றோட்டமான தோற்றம் இந்தக் கட்டுப்பாடு கொடுத்த அழகு.

ஒரு பெரிய வசதியும் உண்டு. அச்சுக்கோப்பில் எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும், மை அதன் முகத்திலிருந்து தாளுக்குத் தாவுவதால். ஸ்டென்சிலில் மை ஊடுருவிச் செல்கிறது. நேராக எழுதியதைக் குப்புறச் சுற்றினால் போதும், தாளில் நேராகவே விழும். கம்போசிட்டர் பயிற்சி எதுவும் இல்லாத பள்ளி ஆசிரியரும் அச்சடிக்க முடிந்தது இதனால்தான்.

உலராத மை

கோலமாவு தன் எடையால் தானே விழும். மை அப்படி விழுந்தால் இயந்திரம் நிற்கும்போதெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். அழுத்தினால் மட்டும் ஓட வேண்டும், அழுத்தம் விலகியதும் நிற்க வேண்டும். அதனால்தான் கெஸ்டட்னர் வகை இயந்திரங்களின் மை பற்பசைபோல் குழம்பாக, குழலில் அடைத்து வந்தது. உருளைகளுக்கு நடுவே தேய்பட்டு நெகிழ்ந்து, பட்டுத்திரை வழியாகப் பரவி, தாள் வந்து அழுந்தும் நொடியில் மட்டும் துளைகளில் இறங்கும்.

அது காற்றில் உலரவும் கூடாது. உலர்ந்தால் முதலில் அடைபடுவது ஸ்டென்சிலின் துளைகள்தான். அப்படியென்றால் தாளில் விழுந்தபின் எப்படிக் காயும்? காயாது, உறிஞ்சப்படும். அதற்காகவே சைக்ளோஸ்டைல் தாள் சற்று பஞ்சுபோல், பசையேற்றாமல் இருந்தது. அந்தத் தாளில் மைப்பேனாவால் விடை எழுதிய மாணவர்களுக்கு எழுத்து ஊறிப் பரவிய எரிச்சல் நினைவிருக்கும். வினா தெளிவாக விழ உதவிய அதே குணம்தான் விடையைக் கசியவைத்தது.

மின்சாரம் வேண்டாத அச்சகம்

ஒரு தட்டச்சுப்பொறி, சில ஸ்டென்சில்கள், கையால் சுழற்றும் இயந்திரம். இவை ஓர் அறைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் இந்தத் தாள் அலுவலகத்தின் வேலிக்கு வெளியேயும் போனது. மியூனிக்கில் ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் முதலிய மாணவர்களின் வெள்ளை ரோஜாக் குழு, 1942-லும் 1943-லும் ஹிட்லர் ஆட்சிக்கு எதிரான துண்டறிக்கைகளைக் கைப்பிடி இயந்திரத்தில்தான் ஓட்டியது. 1943 பிப்ரவரி 18-இல் பல்கலைக்கழகத்தில் ஆறாவது துண்டறிக்கையை வைத்துவிட்டுத் திரும்பும்போது இருவரும் பிடிபட்டார்கள்; நான்காம் நாள் கொல்லப்பட்டார்கள். அதே அறிக்கை நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டு, பிரிட்டிஷ் விமானங்களிலிருந்து ஜெர்மனிமேல் பிரதிகளாக விழுந்தது.

இந்தியாவிலும் 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது தலைமறைவு அறிக்கைகள் சைக்ளோஸ்டைலில் பரவின. 1975 ஜூன் 25 இரவு, நெருக்கடிநிலை பிறந்தபோது, டெல்லியில் நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அடுத்து வந்த மாதங்களில் தணிக்கைக்குத் தப்பிய செய்திகள் கைகளால் சுழற்றிய உருளைகளிலிருந்து வந்தன. சுழலும் கையை எந்தச் சுவிட்சாலும் அணைக்க முடியவில்லை.

மீண்டும் புள்ளிக்கு

1960-களில் ஸ்டென்சிலைப் பொறியே எழுதும் கருவிகள் பரவின. ஒரே அச்சில் சுழலும் இரண்டு உருளைகள். ஒன்றில் மூலத்தாள், மற்றதில் மின்கடத்தும் வினைல் ஸ்டென்சில். ஒளிமின்கலம் மூலத்தில் கருப்பைக் காணும்போதெல்லாம், மறுபக்கம் ஊசியிலிருந்து ஒரு தீப்பொறி பாய்ந்து வினைலில் துளை சுடும். புகைப்படம்கூடப் புள்ளிகளாக மாறி ஸ்டென்சிலில் ஏறியது.

அடுத்த அடி டோக்கியோவிலிருந்து வந்தது. 1946-இல் நொபொரு ஹயாமா தொடங்கிய ரிசோ நிறுவனம் 1980-களில் ரிசோகிராஃப் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பார்வைக்கு ஜெராக்ஸ் இயந்திரம்போல் இருக்கும். உள்ளே இருப்பது சைக்ளோஸ்டைல் உருளைதான். அதன் ஸ்டென்சில், முடியைவிடப் பலமடங்கு மெல்லிய பாலியெஸ்டர் படலம். கணினி ஆட்டுவிக்கும் வெப்பமுனை, அங்குலத்துக்கு 300 அல்லது 600 புள்ளி என்ற கணக்கில் அதை உருக்கித் துளையிடுகிறது. துளைக்கும் துளைக்கும் இடையில் கொஞ்சம் படலம் மிஞ்சும். எடிசனின் ஊசி விட்டுவைத்த பாலம் இங்கேயும் இருக்கிறது. முழுக் கருப்பும் இப்போது கைகூடுகிறது, அது பல்லாயிரம் தனித்தனித் துளைகளாக விழுவதால்.

அந்தப் படலத்தால் தனியே நிற்க முடியாது. உருளையின் இழுப்பில் சுருண்டு கிழிந்துவிடும். ஆகவே அதன் முதுகில் நீண்ட நார்களால் ஆன ஒரு மெல்லிய வலைத்தாளை ஒட்டுகிறார்கள். புள்ளி, நார் என்ற இரண்டு விடைகளும் நூறாண்டு தனித்தனியே நடந்து, ஒரே தாளில் முதுகோடு முதுகாகச் சேர்ந்திருக்கின்றன.

பள்ளியிலிருந்து குழந்தை கொண்டுவரும் வினாத்தாளை விரலால் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் கருப்பு விரலில் ஒட்டினால் அது ரிசோவில் ஓடிய தாளாக இருக்கலாம். எண்ணெய் கலந்த அதன் மையும் முழுதாகக் காய்வதில்லை. பிறகு அதில் ஒரு மூன்று சுழி 'ண'வைத் தேடி, சுழியின் நடுவே இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். இத்தனை ஆயிரம் படி ஓடியும் அந்தச் சிறு வெள்ளை அடைபடாமல் இருக்கிறதென்றால், உருளையின்மேல் எங்கோ சில நார்கள் ஒரு கடுகளவுத் தீவை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.